கல்லூரி ஓட்டக்காரன் மீது ஃபெலனி வழக்கு: ஒரு அப்பாவின் அனுபவம்

வக்கீல் ஃபீஸ் கட்டியது நான். ஆனால் முதல் சந்திப்பிலேயே அந்த வக்கீல் அம்மா என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். என் மகனை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தி ஒன்றரை மணி நேரம் பேசினார். எனக்குக் கோபம்தான் வந்தது. பத்தொன்பது வயதுப் பையன், முந்தின இரவுதான் ஜெயிலிலிருந்து வெளியே வந்திருக்கிறான், அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

வெளியே வந்தபிறகு அவர் பொறுமையாக விளக்கினார். வக்கீலிடம் கட்சிக்காரர் பேசுவது சட்டப்படி இரகசியம். கூடவே மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். அமெரிக்காவில் கணவன் மனைவி பேச்சுக்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. அப்பா மகன் பேச்சுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் அது கிடையாது. அரசுத் தரப்பு நினைத்தால் என்னைச் சாட்சியாக அழைத்து, "உங்கள் மகன் உங்களிடம் என்ன சொன்னான்?" என்று கேட்கலாம். நான் பொய் சொல்ல முடியாது. "அதனால் உங்களுக்கு எதுவும் தெரியாமல் இருப்பதுதான் அவனுக்கு நல்லது" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது. ஏனென்றால் எனக்கு ஏற்கனவே தெரியும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 அக்டோபர். மகன் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. கல்லூரி விளையாட்டின் மேல்நிலைப் பிரிவான டிவிஷன் 1 தடகள அணியில் 400, 800 மீட்டர் ஓடுபவன். ஒரு சனிக்கிழமை இரவு பார்ட்டி, வீட்டு வாசலில் வாய்த்தகராறு, தள்ளுமுள்ளு. இன்னொரு மாணவன் கீழே விழுந்தான். விழுந்த பிறகும் என் மகன் அவனை இரண்டு முறை குத்தினான். அந்தப் பையனின் தாடை எலும்பு உடைந்தது. வெறும் கைகலப்பு என்றால் மிஸ்டமீனர், அதாவது அதிகபட்சம் ஓராண்டுச் சிறைக்குரிய சிறு குற்றம். எலும்பு உடைந்ததால் அது கடும் தாக்குதல் என்ற வழக்காகிவிட்டது. ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். எங்கள் மாநிலத்தில் அதற்குப் பல ஆண்டுகள் சிறை கிடைக்கலாம்.

ஜெயிலிலிருந்து அவன் போன் செய்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "என்னடா நடந்துச்சு? அப்பாகிட்ட உண்மையச் சொல்லு." அவன் சொன்னான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் வளர்த்திருந்தோம். தப்பு செய்தாலும் மறைக்காதே, சொல்லிவிட்டால் திட்டமாட்டேன் என்று. "அவன் என்னைப் பத்தி அசிங்கமா பேசினான்ப்பா, அதான் அடிச்சேன்" என்றான். தமிழில்தான் சொன்னான். ஜெயில் போன்களில் எல்லா அழைப்புகளும் பதிவு செய்யப்படும் என்று அழைப்பின் தொடக்கத்திலேயே ஒரு குரல் சொல்கிறது. அந்தப் பதற்றத்தில் அது என் காதில் ஏறவே இல்லை. நான்கு மாதம் கழித்து, அரசுத் தரப்பு தங்களிடம் உள்ள ஆதாரங்களை எங்கள் வக்கீலுக்குக் கொடுத்தபோது, அந்த உரையாடலின் மொழிபெயர்ப்பும் அதில் இருந்தது. தற்காப்புக்காக அடித்தேன் என்று வாதாட இருந்த சின்ன வழியும் அந்த ஒரு வாக்கியத்தில் அடைபட்டுவிட்டது. கேட்டது நான்.

அதனால் இதைப் படிக்கும் அம்மா அப்பாக்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். அந்த போன் வந்தால், "சாப்பிட்டியா, அடி ஏதாவது பட்டிருக்கா, எந்த ஜெயில், வக்கீல் வருகிறார், வழக்கைப் பற்றி யாரிடமும் பேசாதே, என்னிடமும் பேசாதே" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அன்பாகவே சொல்லலாம். அவன் அழுவான். அப்போதும் கேட்காதீர்கள்.

பிள்ளைகளும் இதை முன்பே தெரிந்திருக்க வேண்டும். பேசாமலிருக்கும் உரிமை உண்டு என்று போலீஸ் எச்சரிக்க வேண்டும் என 1966-இல் மிராண்டா வழக்கில் வந்த தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த எச்சரிக்கையை போலீஸ் சொல்லவேண்டியது, ஒருவரைப் பிடித்து வைத்து விசாரிக்கும்போது மட்டும்தான். தெருவில் நின்று "என்ன தம்பி ஆச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டால் போலீஸ் அந்த எச்சரிக்கையைச் சொல்ல வேண்டியதில்லை, அங்கே நீங்கள் சொல்வதும் ஆதாரம்தான். கேம்பஸ் போலீசை வெறும் காவலாளிகள் என்று என் மகன் நினைத்திருந்தான். பெரும்பாலான பெரிய பல்கலைக்கழகங்களில் அவர்கள் கைது செய்யும் அதிகாரம் உள்ள முழுமையான போலீஸ்காரர்கள். இன்னொன்று, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மட்டும் போதாது. "நான் பேச விரும்பவில்லை, எனக்கு வக்கீல் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அப்படித்தான் சொன்னது. அதில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பேசாமல் இருந்தவர் கடைசியில் சொன்ன ஒரு வார்த்தைப் பதில் அவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஜாமீன் 50,000 டாலர். ஜாமீனுக்குப் பொறுப்பேற்கும் பாண்ட் ஏஜென்டிடம் பத்து சதவீதம், 5,000 டாலர் கட்டினோம். அது திரும்பி வராத பணம் என்று கட்டும்போதுதான் தெரிந்தது. வசதி இல்லாதவர்களுக்கு 1963-இன் கிடியன் தீர்ப்புக்குப் பிறகு அரசே வக்கீல் கொடுக்கிறது. அரசு கொடுக்கும் வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற எண்ணம் நம்மவர்களிடம் நிறைய உண்டு. அதே வழக்கில் சிக்கிய என் மகனின் அணித்தோழன் ஒருவனுக்கு வந்தவர் அத்தனை திறமைசாலி. அந்த நீதிமன்றத்தையும் அங்கிருக்கும் நீதிபதிகளையும் அவர் அறிந்த அளவுக்கு எங்கள் வக்கீல்கூட அறிந்திருக்கவில்லை.

அணித்தோழர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மொத்தம் மூன்று பையன்கள் மீது வழக்கு. அணி என்றால் குடும்பம், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதான் அவர்களைப் பழக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அணியின் வாட்ஸ்அப் குழுவில் "எல்லோரும் ஒரே மாதிரி சொல்லுவோம்", "வீடியோ இருந்தால் அழித்துவிடுங்கள்" என்று செய்திகள். ஒரு பையன் அழித்தான். ஆதாரத்தை அழித்ததாக அவன் மீது தனியாக ஒரு வழக்கு சேர்ந்தது. அடித்ததில் அவனுக்குப் பெரிய பங்கு இல்லை. கடைசியில் எல்லோரையும்விட அவனுக்குத்தான் சிக்கல் நீண்டது. என் மகன் எதையும் அழிக்கவில்லை. அது அவன் புத்திசாலித்தனம் அல்ல, அவன் போன் அப்போது போலீசிடம் இருந்தது.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே வக்கீலை வைத்துக்கொள்ளலாம், செலவு குறையும் என்று ஒரு பையனின் அப்பா என்னை அழைத்தார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எங்கள் வக்கீல் உடனே மறுத்துவிட்டார். மூவரின் நலனும் ஒன்றாக இருப்பது போல இன்று தெரியும், நாளை ஒருவன் மற்றவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒப்புக்கொள்வான் என்றார். அப்படியே நடந்தது. அந்தப் பையன் மீது எனக்கு இப்போது வருத்தம் இல்லை. அவன் பார்த்ததைத்தான் சொன்னான்.

கோச் அன்று மாலையே போன் செய்தார். "என்னிடம் எல்லாவற்றையும் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மகனிடம் சொன்னார். அவருடைய அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஒரு வருடத்துக்கும் மேலாக அவனைச் சொந்தப் பிள்ளை போலப் பார்த்தவர். ஆனால் கோச் பல்கலைக்கழகத்தின் ஊழியர். அவரிடம் சொல்வதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையும் அப்படியே. அவர்கள் பாதுகாப்பது பல்கலைக்கழகத்தை. "சார், என் வக்கீல் பேசச் சொல்லும்வரை என்னால் பேச முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதற்குள் மகனுக்கு வியர்த்துவிட்டது. நம் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லாமலிருப்பது மரியாதைக் குறைவு. அந்த மரியாதையைக் கொஞ்ச நாள் எடுத்து வைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்து, பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு விசாரணை. இது நீதிமன்றத்துக்குக் காத்திருக்காது. நீதிமன்றத்தில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் பொதுவாக, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினாலே போதும். அங்கே வாயைத் திறந்து சொல்வது எல்லாம் நீதிமன்றத்துக்கும் போகலாம். வக்கீலோடு போனான், ஆனால் வக்கீல் அங்கே பேசக்கூடாது, காதில் சொல்லலாம், அவ்வளவுதான். மகன் எதுவும் சொல்லவில்லை. ஓராண்டு சஸ்பென்ட் செய்தார்கள். பாலியல் குற்றச்சாட்டாக இருந்தால் டைட்டில் 9 என்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கென்று தனி நடைமுறை உண்டு. அதற்கு அதில் பழகிய வக்கீலையே தேட வேண்டும். எனக்கு யாரும் போன் செய்து எதையும் சொல்லவில்லை. பதினெட்டு வயது தாண்டிய மாணவனின் விவரத்தை அவன் சம்மதமில்லாமல் பெற்றோருக்குச் சொல்லக் கல்லூரிக்குக் கடமை இல்லை. சம்மதப் படிவம் ஒன்று இருக்கிறது, சேரும்போதே கையெழுத்து போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

ஸ்காலர்ஷிப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். என்சிஏஏ, அதாவது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு, வழக்கு வந்தாலே தடை என்று பொது விதி எதுவும் வைக்கவில்லை. அணியிலிருந்து நிறுத்துவது கல்லூரியின் முடிவு. பல கல்லூரிகள் ஃபெலனி வழக்கு என்றதும் தானாகவே நிறுத்திவிடும், எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. ஆனால் ஸ்காலர்ஷிப் வேறு. வருடத்தின் நடுவில் அதை நிறுத்துவதென்றால் பல்கலைக்கழகத்தின் வழக்கமான ஒழுங்குக் குழு கடுமையான தவறு என்று முடிவு செய்திருக்க வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டும், விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ளவர்களிடம் மேல்முறையீடு செய்ய வாய்ப்பு தர வேண்டும். அந்தக் கடிதத்தில் மேல்முறையீட்டுக்குக் கெடு போட்டிருப்பார்கள். நாங்கள் கடிதத்தைப் பிரித்துப் படித்தபோது கெடு முடிய இரண்டு நாள்தான் பாக்கி. அந்த இரண்டு நாளில் எழுதிக் கொடுத்து அந்த செமஸ்டர் உதவியையாவது காப்பாற்றினோம். அடுத்த வருடம் புதுப்பிக்கவில்லை.

அந்த முதல் வாரங்களில் நான் இரவெல்லாம் கணினி முன் உட்கார்ந்து டியூக் பல்கலைக்கழக வழக்கைப் படித்தேன். 2006-இல் லாக்ரோஸ் அணி வீரர்கள் மூன்று பேர் மீது பாலியல் வன்முறை வழக்கு. கோச் பதவி விலகினார், அந்த ஆண்டின் மீதிப் போட்டிகளே இரத்தாயின. 2007 ஏப்ரலில் மாநில அட்டர்னி ஜெனரல் மூவரும் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தார். வழக்கு நடத்திய அரசுத் தரப்பு வக்கீலின் தொழில் உரிமமே பறிபோனது. இதை அச்செடுத்து வக்கீலிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் ஒரு முறை புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "டியூக் பையன்கள் அதைச் செய்யவில்லை. உங்கள் மகன் விஷயத்தில் வீடியோ இருக்கிறது" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில்தான் நான் முதல் தடவையாக வீடியோவில் கீழே கிடந்த பையனைப் பற்றி யோசித்தேன். மூன்று வாரம் ஆகியிருந்தது. அதுவரை என் மகனின் ஓட்டம், என் மகனின் படிப்பு, எங்கள் பெயர் இவைதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

அப்புறம் மற்ற வழக்குகளையும் படித்தேன். 2016-இல் பேலர் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் மீது வந்த புகார்களை நிர்வாகம் சரியாக விசாரிக்கவில்லை என்று வெளியாகித் தலைமை கோச்சும் பல்கலைக்கழகத் தலைவரும் பதவி இழந்தார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டின் நீச்சல் வீரனுக்குப் பாலியல் தாக்குதலுக்கு ஆறு மாதத் தண்டனை. மூன்று மாதத்தில் வெளியே வந்துவிட்டான். அந்த நீதிபதியை 2018-இல் மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள். பின்னால் 2024-இல் இலினாய் கூடைப்பந்து வீரர் டெரன்ஸ் ஷானன் வழக்கையும் கவனித்தேன். சஸ்பென்ட் ஆனவரைக் கூட்டாட்சி நீதிமன்றம் விளையாட அனுமதித்தது, ஜூனில் ஜூரி குற்றமற்றவர் என்றது. ஒவ்வொன்றும் வேறு. நம் பிள்ளையின் வழக்குக்கு நமக்குப் பிடித்த வழக்கை முன்மாதிரியாக எடுத்துக்கொள்வது ஆபத்து. எனக்கு அதை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு முக்கியமான விஷயம், நம்மவர்களுக்கென்றே. மகனிடம் அப்போது கிரீன் கார்டுதான். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் குற்ற வழக்கின் முடிவு நாடுகடத்தல் வரை போகலாம். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தப்படும் ஆபத்து உண்டா என்று வக்கீல் கட்சிக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2010-இல் வந்த பாடிலா தீர்ப்பு. ஆனாலும் குடிவரவுச் சட்டத்துக்கென்று தனி வக்கீல் ஒருவரைப் பாருங்கள். வன்முறைக் குற்றம் ஒன்றுக்கு ஓராண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டால், அது நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனையாகவே இருந்தாலும், குடிவரவுச் சட்டம் அதை மிகக் கடுமையான பிரிவில் வைக்கிறது. 365 நாள் என்றால் அந்தப் பிரிவு, 364 நாள் என்றால் இல்லை. ஒரே ஒரு நாள். மாநில நீதிமன்றத்தில் தண்டனையை நிறுத்தி வைத்து, ஒழுங்காக இருந்தால் பிறகு அழித்துவிடுவோம் என்று தருகிற ஏற்பாடுகளும் குடிவரவுத் துறைக்குத் தண்டனையாகவே கணக்கில் வரலாம். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கைதானதே விசா இரத்தாகப் போதுமானதாக இருக்கலாம். வழக்கு முடியும்வரை மகன் நாட்டை விட்டு வெளியே போகவில்லை. 2022 மே மாதம் என் மாமியார் மதுரையில் இறந்தபோது என் மனைவி தனியாகத்தான் போனாள். பேரன் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்குப் பரீட்சை என்று சொன்னாளாம்.

காத்திருந்த மாதங்கள் பதினான்கு. கோவிடால் நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்கிக் கிடந்தன. ஒவ்வொரு முறையும் கோட் போட்டுக்கொண்டு போவோம், மூன்று நிமிடத்தில் வேறு தேதி. காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடிப் பழகிய பிள்ளை பகல் பன்னிரண்டு வரை படுத்துக் கிடந்தான். பயிற்சி, சாப்பாடு, வகுப்பு, நண்பர்கள் எல்லாமே அணி வழியாகத்தான் அவனுக்கு இருந்தன. ஒரே நாளில் எல்லாம் போயின. ஓர் இரவு அவன் அறைக் கதவைத் தட்டி, "சாகணும்னு தோணுதாடா?" என்று நேராகவே கேட்டேன். "சில நாள்" என்றான். மறுநாளே மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனோம். 2022 ஜூலையிலிருந்து அமெரிக்காவில் இப்படிப்பட்ட மனநெருக்கடியில் உதவிக்கு 988 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அந்த எண்ணை எழுதி அவன் மேஜையில் ஒட்டி வைத்தோம். வழக்கைப் பற்றிக் கேட்கக்கூடாதுதான், மனசைப் பற்றிக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

அடிபட்ட அந்தப் பையனைப் பற்றி நாங்கள் அறிந்ததெல்லாம் வழக்கு ஆவணங்களிலிருந்து. அவன் பல்கலைக்கழக அணிவகுப்பு இசைக்குழுவில் டிரம்பெட் வாசிப்பவன். தாடையைக் கம்பியால் கட்டி ஆறு வாரம். உறிஞ்சு குழாயில்தான் சாப்பாடு. என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் அம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். வக்கீல் தடுத்தார். எந்த வகையிலும் தொடர்பு கொள்ளக்கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை, குடும்பத்தார் வழியாகப் போவதும் மீறல். சாட்சியை மிரட்டப் போனதாகக்கூட ஆகிவிடும். தப்பு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்காமலிருப்பது எங்களுக்குத் தெரியாத வேலை. அந்த பதினான்கு மாதத்தில் அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. மகன் ஒரு கடிதம் எழுதினான். "எழுது, ஆனால் என்னிடம் கொடு" என்று வக்கீல் வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தார். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான இரகசியமாக அது அங்கே இருந்தது. நான் இன்றுவரை படிக்கவில்லை.

2022 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. ஃபெலனி நீங்கி மிஸ்டமீனர், ஒப்புக்கொண்டான். 180 நாள் சிறை, நிறுத்தி வைக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கண்காணிப்பு, 200 மணி நேரச் சமூக சேவை, கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்பு, மருத்துவச் செலவுக்கு 11,400 டாலர். அன்று நீதிமன்றத்தில் அந்தப் பையனின் அம்மா எழுந்து நின்று, எழுதி வந்திருந்ததைப் படித்தார். அவருடைய மகன் இப்போதும் கூட்டமான இடங்களுக்குப் போவதில்லை என்றார். அவர் என் மகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. அவர் பார்ப்பதற்காவது நான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. நீதிபதி அனுமதி கொடுத்தபோது மகன் நான்கு வாக்கியம் சொன்னான். தான் அடித்ததாகவும், அவன் விழுந்தபிறகும் அடித்ததாகவும், அதற்கு எந்தக் காரணமும் இல்லை என்றும், மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னான்.

பிறகு அவன் ஓடவில்லை. வேறு கல்லூரிகளின் கோச்சுகளுக்கு எழுதினான். 2022-23 கல்வியாண்டிலிருந்து வன்முறை தொடர்பான ஒழுங்கு நடவடிக்கையோ தண்டனையோ இருந்தால் அதை ஒவ்வொரு ஆண்டும் தெரிவிக்க வேண்டும் என்று என்சிஏஏ விதி உண்டு. மறைக்காமல் எழுதினான். ஒருவர் மறுத்தார், மற்றவர்கள் பதில் எழுதவில்லை. அந்த விதி சரிதான் என்றே நினைக்கிறேன். வேறு கல்லூரியில் படிப்பை முடித்தான். வேலைக்கு மனுப் போடும்போது ஒவ்வொரு படிவத்திலும் அந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டிருக்கிறது என்று வார்த்தை வார்த்தையாகப் படிக்கிறான். கைதானதா, வழக்கா, தண்டனையா என்று. குடியுரிமை விண்ணப்பத்தில் கைதானதைக்கூடச் சொல்ல வேண்டும், பின்னால் பதிவை அழித்திருந்தாலும்.

அந்த 11,400 டாலரை நான் கட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்து மாதம் 475 டாலர் வீதம் 24 மாதம் கட்டினான்.

2024 டிசம்பரில் கண்காணிப்பு முடிந்தது. தொடர்புத் தடையும் அதோடு முடிந்தது. கடிதத்தை இப்போது அனுப்பலாமா என்று வக்கீலிடம் கேட்டான். நேராக அனுப்பாதே, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் பிரிவு ஒன்று அரசுத் தரப்பு அலுவலகத்தில் இருக்கிறது, அவர்கள் மூலம் அந்தப் பையனிடம் முதலில் கேட்போம் என்றார். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. கடிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

மகன் வக்கீல் அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தை வாங்கி வந்தான். அவனுடைய ஓட்ட ஷூக்கள் இருந்த பெட்டியில் வைத்திருக்கிறான்.